இணைப்புத் தடம் வரைய ஒரு செயலி: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தென்பகுதியில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் உள்ள சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தையும், யெல்லோவுட் பார்க்கில் உள்ள கென்னத் ஸ்டெயின்பேங்க் காப்பகத்தையும் ஒரே நடைத்தடத்தால் இணைக்க முடியுமா என்று எங்கள் நடைக்குழுவில் நெடுநாளாகப் பேச்சு. மாநகராட்சியிடம் கொடுக்க ஒரு வரைவு தேவைப்பட்டதால், ‘ஆர்கானிக் மேப்ஸ்’ செயலியை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பயன்படுத்திப் பார்த்தேன்.

கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. நம் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், பள்ளத்தாக்கில் சிக்னல் அற்றுப்போனாலும் நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. இங்கே டேட்டா விற்கும் விலைக்கு அதுவே பாதி மதிப்பெண் பெற்றுத்தரும். தன்னார்வலர்கள் திரட்டிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுதான் இதற்கு அடிப்படை என்பதால், யாரோ ஒருவர் நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதைகளும் புள்ளிக்கோடுகளாகத் தெரிகின்றன. பதியாத பாதையோ செயலிக்கு இல்லாத பாதை; வழி கேட்டால் நம்மைத் தார்ச்சாலைக்கே திருப்பிவிடும். புதிய பாதையைச் செயலிக்குள்ளேயே வரைய முடியாது, அதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்துக்கோ அதைத் திருத்தும் வேறொரு கருவிக்கோ போகவேண்டும்.

சமஉயரக் கோடுகளை மட்டும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. இத்தகைய வரைபடங்களுக்கான உயர அளவுகள் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலம் எடுத்த ராடார் அளவீடுகளிலிருந்து வருபவை. அடர்ந்த காட்டில் அந்த ராடார் அலை தரையைத் தொடுமுன் மரத்தலைப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அதனால் திரையில் மென்சரிவாகத் தெரிந்த ஓர் ஓடைக்கரையில், வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் நான் இறங்கினேன்.

இரு காப்பகங்களுக்கும் குறுக்கே ஹிகின்சன் நெடுஞ்சாலை கிடக்கிறது. நிறவெறி ஆட்சியின் நகரத் திட்டத்தில் ஆறுகளும் ரயில் தடங்களும் பெருஞ்சாலைகளும் மக்களைப் பிரித்து வைக்கும் எல்லைகளாகப் பயன்பட்டன. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கும் கறுப்பின மக்களின் உம்லாசிக்கும் நடுவே உம்லாஸ் ஆறு ஓடுவதைப் பார்த்தாலே இது விளங்கும். பிரிப்பதற்கென்றே வகுத்த நிலத்தில் இணைப்புக்கு இடம் தேடுவது எளிதல்ல. செயலியிலோ அந்த நெடுஞ்சாலை விரலால் தாண்டிவிடக்கூடிய ஒரு கோடு, அவ்வளவுதான். எந்த வளைவு வீட்டுச் சன்னல்களின் பார்வையில் இருக்கிறது, எங்கே தனியாக நடக்கக் கூடாது என்பவையும் அதில் இல்லை. இந்த ஊரில் தடம் அமைப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் அவை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு, கம்பிவேலியோரம் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தபோது, இரு கைகளிலும் கடைப்பைகளோடு வந்த ஒரு சூலு மூதாட்டி, புல் தேய்ந்து செம்மண் தெரிந்த ஓர் இடைவெளிக்குள் சட்டென்று நுழைந்தார். “கோகோ (பாட்டி), இந்த வழி எங்கே போகிறது?” என்று கேட்டேன். “பேருந்துக்கு,” என்றார், நிற்காமலே. எங்கள் வரைவின் தெற்குப் பாதி இப்போது அந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.