ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 4.52 பெல்லட்: வாங்கலாமா, எப்படிப் பிரித்துச் சுடுவது?

அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களில் சிலர் ஷாட்கன் தோட்டாவை வீட்டிலேயே மருந்தும் ரவையும் எடைபோட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மயில், காட்டுக்கோழி, முயல் எதைச் சுட்டாலும் 1972 வன உயிரினச் சட்டம் பாயும். அந்த எடைபோடும் பொறுமையை நம் பக்கத்தில் முறையாகக் காட்டக்கூடிய இடம் ஏர் ரைஃபிள் இலக்குச் சுடுதல்தான். குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு 2016 விதிகளின்படி உரிமம் வேண்டாம்.

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் அடுத்த செலவாக ஸ்கோப்பைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் நல்ல பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டு) டப்பா ஒன்றை வாங்குங்கள். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் செக் நாட்டுத் தயாரிப்பு. டப்பாவில் 500 பெல்லட். ஒவ்வொன்றும் 0.547 கிராம், அதாவது 8.44 கிரெய்ன். தலை உருண்டை. இந்த எடை நொடிக்கு 200 மீட்டரில் போனால் சுமார் 11 ஜூல். 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் வரம்பை ஒட்டிவிடும். ரைஃபிள் நிறுவனம் விளம்பரப்படுத்தும் வேகம் பெரும்பாலும் இதைவிட லேசான பெல்லட்டில் எடுத்தது என்பதால், உங்கள் ரைஃபிளில் வேகம் குறைவாக வந்தால் பதற வேண்டாம்.

தலை அளவு மில்லிமீட்டரில் 4.51, 4.52, 4.53 என வெவ்வேறாகக் கிடைக்கும். எது உங்கள் பேரலுக்கு (குழலுக்கு) பொருந்தும் என்பதைக் கட்டைவிரலே சொல்லும். அழுத்தாமலே உள்ளே விழுந்தால் சிறிது. அழுத்தி நுழைக்கும்போது ஓரத்தில் ஈயம் சீவிக்கொண்டு வந்தால் பெரிது. லேசான பிடிப்போடு உட்கார வேண்டும். எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் 4.52இல் தொடங்கலாம்.

தரம் நன்றாக இருந்தாலும் டப்பாவைத் திறந்ததும் அப்படியே சுடாதீர்கள். கூரியரில் குலுங்கி வருவதால் ஸ்கர்ட் (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) ஓரம் நசுங்கியவை சில இருக்கும். கண்ணாடித் துண்டு ஒன்றை ஒரு பக்கம் விரல் தடிமனுக்கு உயர்த்தி, பெல்லட்டை ஒவ்வொன்றாக உருட்டி விடுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் அளவில் வேறுபடுவதால் நல்ல பெல்லட் ஒரே மாதிரி வளைந்து உருளும். நசுங்கியது தத்தித் தத்திப் போய் வேறு இடத்தில் நிற்கும். கழித்ததை வீசிவிடாமல் பேரலைப் பழக்க வைத்துக்கொள்ளுங்கள்: பெல்லட் வகையை மாற்றினால் முதல் 20, 30 சுடு வரை குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) சிதறித்தான் வரும்.

எடைபோடுவது 10 மீட்டருக்குத் தேவையே இல்லை. 50 மீட்டரில்தான் 0.01 கிராம் வித்தியாசம் அரை சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமாகத் தெரியும். சாதாரண நகைத் தராசு 0.01 வரைதான் காட்டும், அதில் பிரிக்க முடியாது, 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

பெல்லட்டில் எண்ணெய் தடவுகிற பழக்கத்தை ஸ்பிரிங் ரைஃபிள் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் சுடுவது) வைத்திருப்பவர்கள் விட்டுவிட வேண்டும். பிஸ்டன் அழுத்தும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றி எரியும். புகையும், வழக்கத்தைவிடப் பெரிய சத்தமும், ஒவ்வொரு சுடுக்கும் ஒவ்வொரு வேகமும் வரும். நாளடைவில் சீலும் ஸ்பிரிங்கும் போகும்.

இந்தப் பெல்லட்டின் குறை காகித இலக்கில் தெரியும். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழிக்கும், ஓட்டை சுத்தமாக விழாது. 10 மீட்டர் போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான், கிழிசலை வைத்து மதிப்பெண் போட முடியாது. அதற்கு எச் அண்ட் என் ஃபைனாலே மேட்ச் 0.53 கிராம் மாதிரி தட்டைத் தலை வாங்குங்கள். 25 மீட்டரைத் தாண்டினால் ஜேஎஸ்பிதான். ஆடிக் காற்றில் அதுவும் ஒதுங்கும், காலை வெயில் ஏறுவதற்குள் சுட்டுவிடுங்கள்.

குரூப் திடீரென்று கெட்டால் பெல்லட்டைக் குறை சொல்வதற்கு முன் ரைஃபிள் கட்டையின் திருகாணிகளைப் பாருங்கள். ஸ்பிரிங் உதறலில் அவை தளரும். முன்கட்டையை இறுக்கிப் பிடிப்பதும் குரூப்பைக் கெடுக்கும். உள்ளங்கையில் தாங்கினால் போதும்.

நம் ஊர்த் தோட்டங்களில் வேலிக்கு கல் கம்பம் நடுவதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கல்லுக்கும் பாறைக்கும் முன்னால் இலக்கு வைக்காதீர்கள். ஈயம் தெறித்துத் திரும்பும். சாய்த்த இரும்புத் தகடு உள்ள பெட்டியோ, பழந்துணி திணித்த மரப்பெட்டியோ வையுங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ள வேண்டாம். சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டைப் பேரலில் போடக் கூடாது.