“உள்ளே” என்ற சொல் போதுமா? நடுவை நோக்கிய அசைவுக்கு ஒரு சொல் தேடி

பினாங்கில் பிசியோதெரபி வேலை பார்க்கிறேன். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்திருந்த பட்டர்வொர்த் பாட்டி ஒருவரிடம், “காலை உள்ளே கொண்டு போகாதீங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்தால், கால் மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறார். “போர்வைக்கு உள்ளே கொண்டு போகல தம்பி, வெளியதான் வச்சிருக்கேன்.”

அவர்மேல் தப்பே இல்லை. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவையில், அந்தக் கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டினால் புது மூட்டு நழுவக்கூடும். தொடை உட்பக்கம் திரும்புவதும் ஆபத்து. இரண்டும் வெவ்வேறு அசைவுகள். “உள்ளே” இரண்டுக்கும் பொருந்துகிறது, போர்வைக்கும் பொருந்துகிறது. எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்கு அதனால்தான் அதன்மேல் பயம்.

கை காலை நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவரும் அசைவுக்கு மருத்துவர்களின் சொல் “அடக்‌ஷன்”. லத்தீனில் “அட்” என்றால் நோக்கி, “அப்” என்றால் விலகி. எதிர்ச்சொல்லான “அப்டக்‌ஷன்” காதில் கிட்டத்தட்ட அதே மாதிரி விழும். வார்டில் பலர் “ஏ-டி”, “ஏ-பி” என்று எழுத்தாகவே பிரித்துச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் துல்லியத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. கைவிரல்களுக்கு நடுவிரல்தான் நடுக்கோடு, கால்விரல்களுக்கு இரண்டாம் விரல். உடம்பின் நடுவை நோக்கி என்று மொட்டையாகச் சொன்னால் விரல்களுக்குத் தவறாகிவிடும். குறிப்பேட்டில் இந்தச் சொல்லே இருக்கட்டும்.

தமிழில் தேடினால், “அண்மை” எனக்குப் பிடித்த சொல். இலக்கணத்தில் படித்த அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு அப்படியே உடம்புக்குள் வந்தது போல இருக்கும். கையில் தோளுக்கு அண்மையில் முழங்கை, சேய்மையில் மணிக்கட்டு. ஆனால் அது இடத்தைச் சொல்லும், அசைவைச் சொல்லாது. எலும்பு எங்கே முறிந்தது என்று விளக்க உதவும், காலை எப்படி வைப்பது என்று சொல்ல உதவாது.

“உட்செல்”, அதாவது உள்ளே செல்லும் என்பது, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் உரியது. சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுபோகும் குழாய் உட்செல் நுண்தமனி. நோயாளியிடம் இதற்கு வேலையில்லை.

எங்கள் மலாய்த் தாதி “ராபாட்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தமிழில் அதற்கு “சேர்ப்பது” இருக்கிறது, விரிப்பதற்கு நேர் எதிராக. நான் இப்போது சொல்வது அதைத்தான், கூடவே ஒரு கோடும். அன்றைக்கும் படுக்கை விரிப்பில் விரலால் இழுத்துக் காட்டினேன். “மூக்கிலேருந்து தொப்புள் வழியா நேரா ஒரு கோடு பாட்டி. கால் இதைத் தாண்டக்கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பவும் கூடாது.” பிறகு கால்களுக்கு நடுவே தலையணையை வைத்தேன்.

பாட்டி அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். “இதுதான் கோடா தம்பி?”

“ஆமா பாட்டி, இதுதான்.”