கவுன்சிலிங் வேண்டாம், ஃப்ரீ சீட் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

பிளஸ் டூ முடித்த பிள்ளை, அதுவும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதை முழுதாகப் படியுங்கள்.

என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான். மாமா கொத்தனார். அந்த வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிப் படி மிதித்ததில்லை. ரிசல்ட் வந்த கையோடு ‘அட்மிஷன் கன்சல்டன்சி’ ஆள் ஒருவர் வீடு தேடி வந்தார். “கவுன்சிலிங்ல இந்த மார்க்குக்கு எங்கயோ தூரத்துலதான் கிடைக்கும்க்கா. இங்க இன்ஜினியரிங் ஃப்ரீ சீட். முதல் பட்டதாரி சலுகை இருக்கு, ஃபீஸே கிடையாது” என்றார். சீட்டைப் பிடித்து வைக்க என்று 25,000 ரூபாய் வாங்கினார். சரிபார்க்க என்று டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொண்டுபோனார். ரசீது கிடையாது.

மார்க் வரிசைப்படி அரசு சீட் ஒதுக்கும் கவுன்சிலிங் சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகு ஃபீஸ் கேட்டு நோட்டீஸ் வந்தது. சேர்த்திருந்தது மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடத்தில்! முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான். இதைவிட வயிறு எரிவது இன்னொன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அந்த ஆளுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் பிள்ளையைக் கவுன்சிலிங் பக்கமே போக விடாமல் பார்த்துக்கொண்டார்.

சரி, விலகிக்கொள்கிறோம் என்று கல்லூரிக்குப் போனால், “நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு ஒரிஜினலை எடுத்துக்கங்க” என்றார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து இணைத்துக் கடிதம் கொடுத்தோம். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் ஆபீசிலும் மனு போட்டோம். அதற்கப்புறம்தான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணம் வரவில்லை, பிள்ளைக்கு ஒரு வருடமும் போய்விட்டது. அந்த ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை.

ஃப்ரீ சீட் என்று யார் சொன்னாலும் கவுன்சிலிங் வழியா, மேனேஜ்மென்ட் கோட்டாவா என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள். கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்க அரசு உதவி மையங்கள் இருக்கின்றன, இடையில் புரோக்கர் எதற்கு? பாஸ்வேர்டும் ஓடிபியும் பிள்ளையிடம் மட்டும் இருக்கட்டும். அது வேறொருவர் கைக்குப் போனால், எந்தக் கல்லூரி வேண்டும் என்று உங்கள் பெயரில் அவர் தேர்வு செய்துவிடுவார்.