லோகோ முதலில் ரெடியாகணுமா, பொடியா?

என் இட்லிப் பொடி விற்பனைக்கு வர 14 மாதம் ஆனது. அதில் பொடிக்கென்று போனது மூன்றே வாரம். மீதியெல்லாம் பெயர், லோகோ, பவுச்சின் நிறம், இணையதளம். நான் லோகோவின் நான்காவது வடிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெரு அக்கா ஒருவர் அதே இட்லிப் பொடியை விற்க ஆரம்பித்தார். நான் ஒருவழியாகக் கடை விரித்தபோது, மாதம் தவறாமல் வாங்கும் வீடுகள் அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தன. ஒரே ஊர், ஒரே பொருள், கைப்பக்குவத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் பணம். அக்கா வாங்கியது கடையில் சில்லறையாகக் கிடைக்கும் ஜிப் பவுச். அதன்மேல் ஜெராக்ஸ் கடையில் அடித்த ஸ்டிக்கர். இருநூறு ஸ்டிக்கர் தீர்ந்தால் அடுத்த இருநூறு. நான் பளபளவென்று நான்கு நிறத்தில் அச்சடித்த பவுச்தான் வேண்டும் என்றேன். அதற்கு நிறத்துக்கு ஒரு அச்சு உருளை (சிலிண்டர்) செய்ய வேண்டும், அதன் செலவு தனி. பிறகு பவுச்சை ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். செலவைக்கூட விடுங்கள். சேர்மானப் பட்டியலும் அந்த அச்சிலேயே உறைந்துவிடுகிறது. செய்முறையை மாற்றினால் பவுச் மொத்தமும் வீண்.

மாற்ற வேண்டி வராது என்றுதான் நினைத்தேன். எட்டு வீட்டு உறவினர்களுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டிருந்தேனே! எல்லாரும் "சூப்பர்" என்றார்கள். ஓசியில் கொடுத்த பொடியை யார் குறை சொல்வார்கள்? காசு கொடுத்து வாங்கியவர்கள் அக்காவிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இரண்டாவது தடவை அரைத்ததில் ஆறு பாக்கெட் திரும்பி வந்தது, காறல் வாடை. எள்ளோடு கொப்பரையும் சேர்த்ததுதான் வினை. ஆறு பேருக்கும் வேறு பாக்கெட் கொடுத்துவிட்டு, "இந்தத் தடவை கொப்பரை போடலைங்க" என்று அவரே வீடு வீடாகச் சொன்னார். அரைக் கிலோவை நிறுத்திவிட்டு 100 கிராமில் போட்டார். ஒரு மாதத்தில் முடிந்த பாடம் இது.

சிக் ஷாம்பூ வளர்ந்த கதையும் இப்படித்தான். குடும்பத் தொழிலிலிருந்து விலகிய சி.கே. ரங்கநாதன் 1983இல் கடலூரில் 15,000 ரூபாயோடு அதைத் தொடங்கினார். எந்த ஷாம்பூவின் காலி சாஷே ஐந்து கொண்டு வந்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம் என்று ஒரு திட்டம். பிறகு அதைச் சிக் சாஷேக்கு மட்டும் என்று மாற்றினார். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். சிக் என்றதும் நமக்கு நினைவு வரும் மல்லிகை, ரோஜா வாசனைகள் அதற்கும் அப்புறம் சேர்ந்தவை. வாசனை அமையட்டும் என்று அவர் காத்திருந்தால்? என்னைப் போல லோகோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அதற்காக எல்லாவற்றையும் அரைகுறையாக இறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அக்கா முதல் பாக்கெட் விற்பதற்கு முன்பே, உணவுப் பொருள் விற்பவர்கள் வாங்க வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை வாங்கிவிட்டார். எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்த ஜெராக்ஸ் கடை ஸ்டிக்கரிலும் பதிவு எண், சேர்மானம், எடை, தயாரித்த தேதி எல்லாம் இருந்தன. அவர் பொறுத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு: நாலு பாக்கெட்டை இரண்டு மாதம் அலமாரியில் வைத்து, பிரித்து முகர்ந்து பார்த்திருந்தால் அந்தக் காறலை வீட்டிலேயே பிடித்திருக்கலாம். ஊறுகாய், குழந்தைக்கான சத்துமாவு என்றால் இந்தக் காத்திருப்பை நான் கட்டாயம் என்பேன். வாங்கியவர் வயிற்றைக் கெடுத்துத்தான் நாம் பாடம் படிக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் என் 14 மாதத்தில் ஒரு பாக்கெட்டைக்கூட நான் அப்படி அலமாரியில் வைத்துப் பார்க்கவில்லை. அதுதான் இப்போது யோசித்தால் உறுத்துகிறது. பச்சை நிறம் கிளிப்பச்சையா, வாழையிலைப் பச்சையா என்பதற்கு மட்டும் இரண்டு வாரம். யாராவது வாங்கிப் பார்த்து நன்றாக இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்துக்குத் தரம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இப்போது நானும் ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறேன், கொப்பரை இல்லாமல். சேர்மானத்தில் கொப்பரை என்று அச்சடித்த அந்த வாழையிலைப் பச்சைப் பவுச்சுகள் இரண்டாயிரத்துக்கு மேல் பரணில் கிடக்கின்றன. அம்மா அவ்வப்போது பத்து எடுத்து, வடகம் போட்டு வைக்கிறார்.