நெல் டிப்பரோடு ஜான் டீர் 5050 டி: இழுவை சரி, நிறுத்தம் எப்படி?

50 எச்.பி. ஜான் டீர் 5050 டி டிராக்டர், டிப்பரில் (பெட்டியைத் தூக்கிக் கொட்டும் டிரெய்லரில்) நாலு டன் நெல்லை இழுக்குமா என்ற கேள்வியே டெல்டாவில் வேண்டாம், இழுக்கும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணில் பார்க்க வேண்டியது வேறு. வயலிலிருந்து வாய்க்கால் கரை ஏறும்போது முன்சக்கரம் தரையில் நிற்கிறதா? மறுபக்கம் இறங்கும்போது பின்னால் சுமை தள்ளினால் வண்டி கட்டுக்குள் நிற்கிறதா?

5050 டி-யில் மூன்று சிலிண்டர், முன்னுக்கு 8 கியர், பின்னுக்கு 4. டாப் கியரில் 32 கிலோமீட்டர் வரை போகும். நெல்லோடு அந்த வேகம் வேண்டவே வேண்டாம். இதை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் ஆயில் பிரேக். டிஸ்க் எண்ணெயிலேயே மூழ்கியிருப்பதால் சேறும் தண்ணீரும் அண்டாது. குறுவை அறுவடை மழையில் இதன் அருமை தெரியும். ஆனால் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு கிரேடு ஊற்றினால் பிரேக் கத்த ஆரம்பிக்கும். டிப்பர் பெட்டியைத் தூக்கும் ஜாக்கும் அதே எண்ணெயைத்தான் குடிக்கிறது. அதனால் பெட்டியை இறக்கி வைத்த பிறகே அளவு பார்க்க வேண்டும். ஜாக்குக்குப் போகும் எண்ணெய் ஹோஸின் முனையைத் துடைக்காமல் மாட்டினால் ஒட்டியிருக்கும் மண் நேராகப் பம்புக்குள் போகும்.

சேறடிக்கும்போது சட்டென்று திரும்ப இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்து வைப்போம். தார்ச்சாலை ஏறுமுன் இரண்டையும் சேர்த்துப் பூட்டியாக வேண்டும். மறந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும், டிரெய்லர் டிராக்டரைக் குறுக்கே மடக்கிவிடும். உள்ளூர்ப் பட்டறை டிப்பர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. புதிதாகச் செய்யக் கொடுப்பவர்கள் கூடுதல் பணம் போனாலும் பிரேக் வைத்தே வாங்குங்கள். பாலத்துச் சரிவில் இறங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதிச் சரிவில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் பிடிப்பு போய்விடும்.

இனி சுமை. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டியில் அறுவடை மிஷின் கொட்டும் நெல் விளிம்பு மட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் பிடிக்கும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமாக (மூட்டையாக) விளிம்புக்கு மேலேயும் ஏற்றி 100 அடுக்கினால் நாலு டன். அடுக்குவதை முன்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்; மேல் வரிசை டிரெய்லர் அச்சுக்கு முன்னாலேயே முடியட்டும். பின்பாரம் ஏறினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்டயர் பிடிப்பில்லாமல் சுற்றும். முன்பாரம் அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான்: கரை ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. டிராக்டருக்கு முன்பக்க வெயிட் போடுவது இதற்காகத்தான். கொக்கியைப் பின்அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் (கலப்பையைப் பிடிக்கும் மேல் கம்பி) பக்கம் மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும்.

பின்கதவை ஒருமுறை குனிந்து பாருங்கள். கீழ் விளிம்பில் நெல்மணி நுழையும் இடைவெளி இருந்தால் மேடு பள்ளத்தில் வழிநெடுக ஒழுகும். ரப்பர் பட்டை அடித்துவிட்டால் தீர்ந்தது. சாக்கைத் திணிப்பது பாதி வழிதான் தாங்கும். கொட்டும் இடம் சமமாக இருக்கட்டும். ஈர நெல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால், தூக்கிய பெட்டி சாய்ந்துவிடும்.

சேற்றுக்காக மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றாமல் சாலைக்கு வராதீர்கள். பின்விளக்கு ஒயர் அறுந்திருந்தால் இரவில் கிளம்பவே வேண்டாம். சிவப்பு ஒளிர் ஸ்டிக்கரும் கட்டாயம். டிரெய்லரையும் இன்சூரன்ஸில் சேர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் வரிசை நீண்டால் சிலர் டிரெய்லரை மட்டும் விட்டுவிட்டு டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அப்போது டிரெய்லரின் முன்பக்க ஸ்டாண்டுக்கு அடியில் பலகை, சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகே கொக்கியைப் பூட்டும் பின்னை (ஊசியை) உருவ வேண்டும். ஈர மண்ணில் பலகை இல்லாத ஸ்டாண்டு புதைந்துவிடும். பின்பாரமான பெட்டியோ பின்னை உருவிய நொடியிலேயே மூக்கைத் தூக்கும். உருவுகிறவர் கொக்கிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.