வாடகை தராதவரைக் காலி செய்து தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியை 2022 ஆனி மாதம், சாரல் தொடங்கிய நேரத்தில் வாடகைக்கு விட்டேன். மாதம் 7,000 ரூபாய், அட்வான்ஸ் 20,000. புனலூருக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிற வேலை என்றார் வந்தவர். மனைவி, ஒரு கைக்குழந்தை. தெரிந்த அண்ணாச்சி சொல்லி அனுப்பியதால் பத்திரம் எதுவும் எழுதவில்லை.

ஐந்து மாதம் ஒழுங்காகத் தந்தார். கார்த்திகையிலிருந்து "அடுத்த வாரம் தந்துடுறேன்க்கா" என்பதுதான் பதில். தை முடிவதற்குள் அட்வான்ஸ் கரைந்துவிட்டது. கரண்ட் பில்லும் கட்டவில்லை. இணைப்பு என் பெயரில் இருப்பதால் அதுவும் என் தலையில் விழுந்தது.

மாசியில் ஒரு புரோக்கர் வந்தார். "கோர்ட்டுக்குப் போனா வருஷக் கணக்கா இழுக்கும்க்கா. பதினஞ்சாயிரம் குடுங்க, பத்து நாள்ல சாவி உங்க கையில" என்றார். கொடுத்துவிட்டேன். ஒருநாள் இரவு மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டார். மறுநாள் என்னை ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். கைக்குழந்தை இருக்கிற வீடு அது, இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. மாடியில் இருந்தவர் போலீஸில் புகார் கொடுத்தார். நான் போய் நின்றேன், அன்றே ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். அதன்பின் புரோக்கர் என் போனை எடுக்கவே இல்லை.

அப்புறம்தான் தென்காசியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கியானால் கேட்பு நோட்டீஸ் அனுப்பலாம். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்டு மனு போடலாம். நான் இரண்டாம் மாதமே அனுப்பியிருக்க வேண்டிய நோட்டீஸ் அது.

பதினொரு மாதப் பத்திரம் போதும், பதிவு வேண்டாம் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இந்தச் சட்டத்தில் அது செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். என்னைப் போல எழுதாமல் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி மனு போடலாம்.

கேரள எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. புனலூரில் வீடு வைத்திருக்கும் என் தம்பிக்கு 1965ஆம் ஆண்டின் கேரளச் சட்டம். அங்கே பாக்கியை 6 சதவீத வட்டியோடு கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் கட்டாவிட்டால், வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றமாக இருக்கும் முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டு பக்கமும் வீடு இருப்பவர்கள் ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் மாடியில் இருந்தவருக்குப் பங்குனியில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. மாதம் முடியும் முன்பே அவர் டீக்கடையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அட்வான்ஸ் கழித்து வாடகையில் போனது 15,000. புரோக்கரிடம் போனதும் அதே 15,000. கரண்ட் பாக்கி தனி.

அந்தப் புரோக்கர் இப்போதும் பேருந்து நிலையப் பக்கம் வீட்டுக்காரர்களைத் தேடி வருவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.