காரைக் கராஜில் விட்டுவிட்டு வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

ஆண்டுதோறும் சித்திரை முடிந்ததும் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் சென்று, ஐப்பசி மழை தொடங்கும் வேளையில் கிளிநொச்சிக்குத் திரும்புவது ஓய்வுபெற்ற பின் எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் காரை வீட்டு முகப்பிலேயே மூடி வைத்துவிட்டுச் செல்வேன். சென்ற முறை, "சும்மா கிடந்தால் கார் பழுதாப் போகும் மாஸ்ரர், எங்கட கொட்டிலில விடுங்கோ, நான் பார்க்கிறன்" என்று ஏ9 வீதியோரம் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் சொன்னதை நம்பினேன். உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்தியவர் என்பதால் கடதாசி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. மாதம் 6,000 ரூபா வீதம் ஆறு மாதத்துக்குமான 36,000 ரூபாவையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

நான் கேட்டுக்கொண்டவை பெரிய வேலைகளல்ல. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஹான்ட் பிரேக் இழுபட்டுக் கிடந்தால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதை இழுக்காமல் சில்லுகளுக்குக் கட்டை வைத்து நிறுத்த வேண்டும். ரயர்கள் ஒரே இடத்தில் அழுந்தாதபடி மாதம் ஒருமுறை அரைச் சுற்றாவது உருட்டிவிட வேண்டும். "கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி விடுறன்" என்றார். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் பற்றரியும் நிரம்பாது, சைலன்சருக்குள் தேங்கும் நீர் துருவைத்தான் கொண்டுவரும், ஆகவே வேண்டாம் என்று சொன்னேன். வெறுந்தாங்கியில் ஈரம் படியும் என்பதற்காக 35 லீற்றர் தாங்கியை நிரப்பியே ஒப்படைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் முன்னாலேயே படங்கை இழுத்துக் காரை மூடினார்.

திரும்பி வந்து பார்த்தபோது படங்கு அப்படியே இருந்தது. பற்றரி வயரும் கழற்றப்பட்டுத்தான் இருந்தது. அந்த ஒழுங்கைக் கண்டு மனம் நிறைந்து, நன்றிகூடச் சொல்லிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வயரைப் பூட்டித் திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் முள் கால்வாசிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. கேட்டதற்கு, "சோளகக் காத்தில ஆவியாப் போயிருக்கும் மாஸ்ரர்" என்றார். மூடி இறுக்கமாக இருக்கும் தாங்கியிலிருந்து இருபது லீற்றருக்கு மேல் ஆவியாகிப் போவதென்றால் அந்தக் கராஜே தீப்பற்றி எரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஆற அமரப் பார்த்தேன். புறப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்னர் ஒயில் மாற்றியபோது, சேர்விஸ் நிலையத்தார் கதவோரம் ஒட்டிய சிறிய சீட்டில் 61,420 கிலோமீற்றர் என்று பேனாவால் எழுதியிருந்தது. மீற்றரோ 64,890 காட்டியது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அப்படியானால் ஐந்து முறை போய்வந்த தூரத்தை, படங்குக்குள் கிடந்த என் கார் ஓடி முடித்திருக்கிறது. சில்லுகளின் மேல்வளைவுக்குள் கிரவல் வீதியின் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. பின் சீற்றுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது, நூலால் கட்டிய சிறிய கடதாசிப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. அவிழ்த்தால் மண். பாம்பு தீண்டாது என்ற நம்பிக்கையோடு மடுமாதா கோவிலிலிருந்து எடுத்து வருவார்களே, அந்த மண்தான். எங்கள் வீட்டில் யாரும் அவ்வருடம் மடுவுக்குப் போகவில்லை. ஆவணித் திருவிழாவுக்கு யாரோ ஒரு குடும்பம் என் காரை வாடகைக்குப் பிடித்துப் போயிருக்கிறது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

பற்றரியை மாற்றிவிட்டார்கள் என்பது இன்னும் இரண்டு நாள் கழித்து, காலையில் கார் ஸ்ரார்ட் ஆகாதபோதுதான் தெரிந்தது. உத்தரவாத அட்டையிலுள்ள தொடரிலக்கமும் பற்றரியில் இருந்த இலக்கமும் வேறு வேறு. அதே நிறம், அதே அளவு, ஆனால் காலாவதியான பழையது. பொனற்றுக்குள் குனிந்து நன்றாகப் பார்த்தபோது, முதல்நாள் வயரைப் பூட்டுகையில் கண்ணில் படாத மறைவில், என்ஜினுக்குப் பின்னால் வைக்கோலால் எலிக்கூடு. இரண்டு வயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன. சிறுபோக அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீடுகளையும் கொட்டில்களையும் தேடி வருவது இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எவருக்கும் தெரியும். அதற்கு அவரைக் குற்றஞ்சொல்ல மாட்டேன், ஆனால் திருவிழாக்கால ஓட்டம் ஓய்ந்த பிறகு ஒருநாளாவது பொனற்றைத் திறந்திருந்தால் அது இவ்வளவுக்கு வந்திருக்காது.

எனக்கு உறக்கம் கெட்டது வயருக்காகவோ பற்றரிக்காகவோ அல்ல. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்திருந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்திருக்கும். வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் இருப்பதோ என் பெயர். ரொறன்ரோவில் பேரப்பிள்ளையோடு பூங்காவில் இருந்தவனுக்குப் பொலிஸிலிருந்து அழைப்பு வந்திருக்கும். முறைப்பாடு செய்யலாமென்று போனபோது, ஒப்பந்தம் உண்டா, ஒப்படைத்த அன்றைய மீற்றர் படம் உண்டா, பணம் கொடுத்த பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்டார்கள். மூன்றுமே இல்லை. கதவோரச் சீட்டு ஒன்றுதான் இருந்தது. பலமுறை அலைந்து கேட்ட பிறகு கராஜ்காரர் 10,000 ரூபாவை, ஏதோ உதவி செய்வதுபோலக் கொடுத்தார்.

இம்முறை காரை வீட்டிலேயே நான்கு முதிரைக் கட்டைகளின்மேல் ஏற்றிவிட்டுப் போகிறேன். பற்றரியைக் கழற்றிப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுப்பேன். சைலன்சர் வாயையும் காற்றுப் போகும் வழியையும் எலி நுழையாதபடி கம்பிவலையால் அடைத்து, அடைத்திருப்பதை எழுதி ஸ்ரியறிங்கில் கட்டிவிடுவேன். வருமான அனுமதிப்பத்திரம் இடையில் முடிவடைகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

போன கிழமை அந்தக் கராஜைக் கடந்து சென்றபோது, அதே தகரக் கொட்டிலுக்குக் கீழே படங்கு மூடிய கார்கள் இரண்டு நின்றன. அவற்றின் உரிமையாளர்கள் வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கக்கூடும். இன்றைக்கே ஓர் உறவினரைச் சொல்லாமல் அனுப்பி, மீற்றரைப் படம் எடுத்து வரச் செய்யுங்கள்.